ஐந்தே காலுக்குப் பெரட்டு

பஸ் கண்ணாடியில் அந்த அறிவிப்பை ஒட்டியவன் நான்தான். பஸ் முதலாளி கொடுத்தார், ஒட்டினேன். அதில் என்ன எழுதியிருக்கிறது என்பதை ஒட்டி முடித்த பிறகுதான் நின்று படித்தேன்.

மலாயில் நான்கு வரி. அடுத்த மாதத்திலிருந்து தொழிற்சாலை பஸ் தோட்டத்துக்குள் வராது, பெரிய சாலையில் மட்டும் நிற்கும், தொழிலாளர்கள் அங்கே வந்து ஏறிக்கொள்ள வேண்டும். கீழே ஒரு முத்திரை.

நான் புக்கிட் செலம்பாவ் பக்கத்தில் ஒரு தோட்டத்திலிருந்து சுங்கைப்பட்டாணியில் உள்ள மின்னணுத் தொழிற்சாலைக்கு ஆட்களை ஏற்றிப் போகிறவன். நானும் அதே மாதிரி ஒரு தோட்டத்தில் பிறந்தவன்தான். தமிழ்ப்பள்ளியில் ஆறாம் வகுப்போடு என் படிப்பு முடிந்தது. நாலு பேர் இருக்கும் இடத்தில் வாய் திறக்க எனக்குக் கூச்சம். பஸ் வேலை பிடித்துப்போனதற்கு அதுவும் ஒரு காரணம். முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தால் யாரும் நம்மைப் பேச்சுக்கு இழுப்பதில்லை. பின்னால் நடக்கும் பேச்செல்லாம் காதில் விழும். பல வருஷம் அப்படிக் கேட்டுக் கேட்டே நான் கொஞ்சம் விஷயம் தெரிந்தவனாக ஆனேன் என்று சொல்லலாம்.

அன்று காலை அறிவிப்பை முதலில் படித்தவர் அக்கா. என்னைவிட இரண்டு வயது சின்னவர். ஆனாலும் லயத்தில், தோட்டத் தொழிலாளர் வீட்டு வரிசையில், எல்லோருக்கும் அவர் அக்கா, எனக்கும் அக்காதான். அவர் என்னை அண்ணே என்பார். இதில் யாருக்கும் குழப்பம் இருந்ததில்லை. தொழிற்சாலையில் நுண்ணோக்கியின் கீழ், நகக்கண் அளவுகூட இல்லாத சிப்புகளைப் பார்த்து நல்லது கெட்டது பிரிப்பது அவர் வேலை. பதினெட்டு வருஷமாக அதே வேலை.

அறிவிப்பைப் படித்துவிட்டு அவர் சத்தம் போடவில்லை. என்னிடம் கேட்டார்.

“அண்ணே, பெரிய ரோட்டுலேருந்து நம்ம லயத்துக்கு மீட்டர்ல எவ்ளோ காட்டும்?”

“நாலு கிலோமீட்டர், அக்கா. கொஞ்சம் கூட வரும்.”

“கருக்கல்ல, செம்பனைக் காட்டுக்குள்ள, நாலு கிலோமீட்டர்” என்றார் தனக்கே சொல்லிக்கொள்வதுபோல. பிறகு தன் வழக்கமான இடத்தில் போய் உட்கார்ந்தார்.

அந்த நாலு கிலோமீட்டரைப் பற்றிச் சொல்ல வேண்டும். முன்பு பால்மரம், அதாவது ரப்பர், இருந்த இடம் முழுக்க இப்போது எண்ணெய் எடுக்கும் செம்பனை. மண்சாலை. ஒரு விளக்குக்கூடக் கிடையாது. பழம் ஏற்றும் லாரிகள் போய்ப்போய்க் குழி விழுந்த சாலை. காட்டுப்பன்றி குறுக்கே ஓடும். என் பஸ்ஸில் தோட்டத்திலிருந்து ஏறுகிறவர்கள் பத்தொன்பது பேர், எல்லோரும் பெண்கள். வீட்டு மோட்டார் சைக்கிளைக் கணவனோ மகனோ வேறு திசைக்கு எடுத்துப் போய்விடுவான். தோட்டத்தில் இவர்களுக்கு வேலை இல்லை. அங்கே பழம் வெட்டுவதெல்லாம் வெளிநாட்டுத் தொழிலாளர்கள். பஸ் உள்ளே வராவிட்டால் இந்தப் பத்தொன்பது பேருக்கும் தொழிற்சாலை வேலை இல்லை. அவ்வளவுதான் விஷயம்.

பஸ்ஸில் அன்று ஒரே கூச்சல். நாலாம் நம்பர் வீட்டுப் பெண் ஒருத்தி உண்டு. தோட்டத்தில் வீட்டு எண்ணைச் சொல்லி ஆளைச் சொல்வது பழக்கம், அதனால் எல்லோருக்கும் அவள் நாலாம் நம்பர். வாய்க்காரி.

“நாடு முன்னேறுதாம்லா! ஜெர்மன்காரன் வர்றான், ஜப்பான்காரன் வர்றான், புதுசு புதுசா கீலாங் கட்டுறான். நம்ம ரோட்டுக்கு மட்டும் பன்னிதான் வருது” என்றாள்.

எல்லோரும் சிரித்தார்கள். கீலாங் என்றால் எங்கள் பக்கம் தொழிற்சாலை. சிரிப்பு அடங்கியதும் அவரவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்கள்.

அவள் சொன்னதில் பொய் இல்லை. நான் தினமும் பார்க்கிறேன். தொழிற்சாலை வாசலில் வரிசையாகப் பல நாட்டுக் கொடிகள். வருஷத்துக்கு ஒரு கட்டடம் புதிதாக எழும்புகிறது. சரக்கு லாரிகள் பினாங்குத் துறைமுகத்துக்கும் விமான நிலையத்துக்கும் இடைவிடாமல் ஓடுகின்றன. சுங்கைப்பட்டாணியில் புதுப்புதுக் கடைத்தொகுதிகள், வீட்டுமனைகள். அங்கிருந்து ஒரு மணி நேரத்துக்கு மேல் பஸ் ஓட்டினால், மழை பெய்தால் மின்சாரம் போகிற லயம். இரண்டையும் ஒரே நாளில் இரண்டு தடவை பார்க்கிறவன் நான்.

அந்த வாரமே தொழிற்சாலை அதிகாரி முதலாளியைக் கூப்பிட்டார். முதலாளி, “நீதானே ஓட்டுறே, நீயே போ” என்று என்னை அனுப்பிவிட்டார். ஆட்களைக் கவனிக்கும் அதிகாரி அவர். மலாய்க்காரர், முப்பத்தைந்து வயதிருக்கும், ஜித்ரா பக்கம் நெல்வயல் சூழ்ந்த கம்பத்தில், அதாவது கிராமத்தில், பிறந்தவர் என்று சொல்லிக் கேட்டிருக்கிறேன். குளிரூட்டிய அறையில் கைகளை முட்டிமேல் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அக்காவும் வந்திருந்தார். யாரும் அவரைக் கூப்பிடவில்லை. இடைவேளையில் தலையுறையைக் கழற்றிவிட்டுத் தானாகவே வந்துவிட்டார்.

அதிகாரி ஒரு தாளைக் காட்டினார். என் பஸ் தாமதமாக வந்த நாட்கள். கத்தவில்லை, பொறுமையாகவே பேசினார். தோட்டத்து பஸ் பத்து நிமிஷம் தாமதமானால் ஒரு வரிசை இயந்திரம் பத்து நிமிஷம் நிற்கிறது, அது நின்றால் வெளிநாட்டிலிருந்து போன் வருகிறது, மேலே இருப்பவர்கள் என்னைக் கேட்கிறார்கள், நான் என்ன செய்ய என்றார்.

அக்கா மலாய் நன்றாகப் பேசுவார். சந்தையில் பழகிய மலாய், வளைவு நெளிவு இல்லாதது. அவர் கேட்டதை இங்கே தமிழில் எழுதுகிறேன். என்சிக் என்றால் ஐயா.

“என்சிக், நான் பாத்து விட்ட சிப்பு கப்பல் ஏறி உலகம் பூரா போகுது. அது அவ்ளோ தூரம் போகலாம், ஒரு பஸ்ஸு நாலு கிலோமீட்டர் உள்ளே வர முடியாதா?”

அதிகாரி சிரிக்கவும் முடியாமல் கோபப்படவும் முடியாமல் பேனாவை உருட்டிக்கொண்டிருந்தார். அக்கா தொடர்ந்தார். தாமதம் எங்கள் தப்புதான், அதை ஒப்புக்கொள்கிறேன், ஒரு மாதம் கொடுங்கள், ஒரு நாள்கூட பஸ் தாமதமாகாது, அப்படித் தாமதமானால் பஸ்ஸை நிறுத்துங்கள் என்று நானே வந்து சொல்கிறேன்.

“சத்து பூலான்” என்றார் அதிகாரி ஒரு விரலைக் காட்டி. ஒரு மாதம். “ஒரு தடவை லம்பாட், முடிந்தது.” லம்பாட் என்றால் தாமதம்.

தாமதம் எதனால் என்று எனக்குத்தான் நன்றாகத் தெரியும். லயத்தில் ஏழு இடத்தில் பஸ் நிற்கும். ஒவ்வொருத்தியும் தன் வீட்டுக்குப் பக்கத்திலேயே ஏறுவாள். ஒருத்தி ஈரத்தலையோடு ஓடி வருவாள். இன்னொருத்தி ஏறிவிட்டு, “அண்ணே, சாப்பாட்டு டப்பாவ விட்டுட்டேன்” என்று இறங்குவாள். நானும் நிற்பேன். ஏறாதவளை விட்டுவிட்டுப் போக எனக்கு மனசு வராது, சொல்லவும் வாய் வராது. ஆகவே பாதித் தப்பு என்னுடையது.

அக்கா என்ன செய்தார் தெரியுமா? பெரட்டு வைத்தார்.

தோட்டத்தில் பிறந்தவர்களுக்கு அந்தச் சொல்லை விளக்க வேண்டியதில்லை. மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். விடியுமுன் ஆபீஸ் எதிரே உள்ள வெட்டவெளியில் எல்லோரும் வந்து நிற்க வேண்டும். ஆபீஸ் கணக்கரான கிராணி பெயர் கூப்பிடுவார். பெயருக்குக் குரல் கொடுக்காதவருக்கு அன்று வேலை இல்லை. என் அம்மா தலையில் துண்டைச் சுற்றி, பால் வாளியோடு அங்கே நின்றிருக்கிறார். ஒரு நாள் எனக்குக் காய்ச்சல் என்று தாமதமாகப் போனவரைத் திருப்பி அனுப்பினார்கள். பெரட்டு என்பது எங்களுக்கு இனிப்பான சொல் இல்லை. தோட்ட வேலையை விட்டுத் தொழிற்சாலைக்குப் போனதில் எங்கள் பெண்களுக்கு இருந்த பெரிய சந்தோஷமே பெரட்டுக்கு நிற்க வேண்டாம் என்பதுதான்.

அதைத்தான் அக்கா மறுபடி கொண்டுவந்தார். பழைய ஆபீஸ் இப்போது பூட்டிக் கிடக்கிறது. எதிரே களம் அப்படியே இருக்கிறது. ஐந்தே காலுக்கு எல்லோரும் அங்கே நிற்க வேண்டும். ஒரே இடம், ஒரே நிறுத்தம். ஐந்தே காலுக்கு பஸ் நகரும், யார் இருந்தாலும் இல்லாவிட்டாலும்.

இதை அவர் சொன்னது பஸ்ஸில், சாயங்காலம் திரும்பும்போது. நாலாம் நம்பர் எழுந்து நின்றே விட்டாள்.

“ஓகோ! புதுக் கங்காணியம்மா வந்துட்டாங்களா? கையில பெரம்பு எங்கக்கா? எங்கம்மா நின்னாங்க, எங்க ஆத்தா நின்னாங்க. நானும் நிக்கணுமா? நிக்க மாட்டேன் போ!”

“நிக்காத. நீ உக்காந்துக்க. ஆனா நீதான் கூப்பிடணும்.”

“என்னா கூப்பிடணும்?”

“ஆளுங்கள. ஒனக்குத்தான் தொண்ட இருக்கு. நான் கூப்பிட்டா மூணாவது வீட்டுக்குக் கேக்காது.”

பஸ் முழுக்கச் சிரிப்பு. நாலாம் நம்பர் ஏதோ முனகிக்கொண்டு உட்கார்ந்தாள். அவள் சரி என்றும் சொல்லவில்லை, முடியாது என்றும் சொல்லவில்லை. அக்காவின் கெட்டிக்காரத்தனத்தை அன்றுதான் முழுதாகப் பார்த்தேன். எதிர்த்துப் பேசுகிறவளை அவர் அடக்கவில்லை. அவளிடம் இருந்த நல்ல பொருளைக் கேட்டு வாங்கிக்கொண்டார்.

முதல் நாள் நான் ஐந்து பத்துக்கே களத்தில் விளக்கைப் போட்டு நிறுத்தினேன். அதற்கு முன்பே கைப்பேசிக் குழுவில் அக்காவின் குரல் வந்திருந்தது: “எழும்புங்கடி, பெரட்டுக்கு நேரமாச்சு.” பஸ் கோளாறானால் தெரிய வேண்டுமே என்று என்னையும் அந்தக் குழுவில் சேர்த்திருந்தார்.

ஒருவர் ஒருவராக வந்தார்கள். வந்தவர்கள் எப்படி நின்றார்கள் என்பதை என்னால் மறக்க முடியாது. யாரும் சொல்லவில்லை. இரண்டு வரிசையாக நின்றார்கள். பால்வெட்டுக்காரர் வீட்டுப் பெண்கள் ஒரு வரிசை, புல்வெட்டுக்காரர் வீட்டுப் பெண்கள் ஒரு வரிசை. நடுவில் கிராணி நடந்து வர ஓர் ஆள் அகலத்துக்கு வழி விட்டிருந்தார்கள். இந்தப் பெண்களில் பாதிப் பேர் பால் வெட்டும் உளியைக் கையில் பிடித்ததே இல்லை. சின்ன வயதில் தூக்கக் கலக்கத்தில் அம்மா கையைப் பிடித்துக்கொண்டு பார்த்ததுதான்.

நாலாம் நம்பர்தான் முதலில் அதைக் கவனித்தாள். “ஏன்டி, யாருக்குடி வழி விட்டிருக்கீங்க? கிராணி ஐயா செத்துப் பத்து வருஷமாச்சு!” என்று கத்தினாள். சிரிப்பில் வரிசை கலைந்தது. அன்றோடு அந்த வழி மூடியது. அதன் பிறகு கூட்டமாகத்தான் நின்றார்கள். தோளோடு தோள் இடித்துக்கொண்டு, ஒருத்தி இன்னொருத்திக்குத் தலைபின்னிக்கொண்டு.

அவள் யாரையும் பெயர் சொல்லிக் கூப்பிடவில்லை. வீட்டு எண்ணைத்தான் கூப்பிட்டாள்.

“ஒண்ணு!”

“இருக்கேன்.”

“ஆறு!”

“ரெண்டு பேரும் இருக்கோம்.”

“ஒம்போது! ஏய் ஒம்போது! டப்பாவ எடுத்தியா?”

“எடுத்துட்டேன்லா!”

ஐந்தே காலுக்கு நகர்ந்தோம். ஆறு முப்பத்தெட்டுக்குத் தொழிற்சாலை வாசல். ஏழு மணி வேலைக்கு இவ்வளவு சீக்கிரம் நான் போனதே இல்லை.

ஆனால் சாலை இருக்கிறதே. ஒரு நல்ல மழை பெய்தால் குழியில் பஸ் இறங்கிவிடும். இரண்டாவது ஞாயிற்றுக்கிழமை அக்கா எல்லோரையும் மண்வெட்டியோடு கூட்டினார். நானும் போனேன். தோட்டத்து டிராக்டர் ஓட்டும் வங்காளதேசத்துத் தம்பி ஒருவர், தன் ஓய்வுநாளில் இரண்டு தடவை கல் கொண்டுவந்து கொட்டினார். ஒருத்தி வாய் சும்மா இல்லாமல், “இவனுங்க வந்துதான் நம்ம வேலை போச்சு” என்று தமிழில் சொன்னாள்.

அக்கா நிமிரவேயில்லை. குனிந்து கல்லைப் பரப்பிக்கொண்டே, “அவரு கொட்டுன கல்லு மேலதான் நாளைக்கு நீ போவப் போறே. பேசாம வேலையப் பாரு” என்றார். அந்தத் தம்பிக்கு முதல் தட்டுச் சோறு போட்டுக் கொடுத்தவளும் வாய்விட்ட அதே பெண்தான். அது வேறு கதை.

மூன்று வாரம் ஓடியது. ஒரு நாள்கூடத் தாமதமில்லை. இன்னும் ஒரு வாரம்தான் என்று பஸ்ஸில் எண்ண ஆரம்பித்தார்கள். அந்த வாரம் புதன்கிழமை விடியுமுன், நான் பஸ்ஸை எடுக்கும்போது கைப்பேசியில் நாலாம் நம்பர் எழுதியிருந்தாள். அப்பா போயிட்டாரு. அவ்வளவுதான்.

அவளுடைய அப்பா பால்மரம் வெட்டியே வாழ்ந்து முடித்தவர். கொஞ்ச நாளாகப் படுக்கையில் இருந்தார். அதைப் படித்ததும் அவரை நினைத்து வருந்தினேன். அடுத்த நிமிஷமே பஸ்ஸை நினைத்தேன், அதற்காக வெட்கமும் பட்டேன். லயத்தில் ஒரு சாவு விழுந்தால் எடுக்கும்வரை யாரும் வேலைக்குப் போவதில்லை. அடுப்புக்கூட எரியாது. எந்தத் துரை காலத்திலும் இது மாறவில்லை. பெரட்டுக்குப் பெயர் கூப்பிட்ட கிராணிகளே சாவன்று களத்துக்கு வருவதில்லை. ஒரு மாதக் கெடுவில் இன்னும் ஆறு நாள் மீதி இருக்கிறது என்று சாவுக்குத் தெரியாது.

எனக்கு வந்த உத்தரவு பஸ் ஓட்டுவதுதான். ஓட்டினேன். களத்தில் ஆள் இல்லை. நாலாம் நம்பர் வீட்டில் விளக்கும் கூட்டமும். பஸ்ஸை நிறுத்திவிட்டு இறங்கிப் போய் வாசலில் நின்றேன். உள்ளே பெரியவரைக் கிடத்தியிருந்தார்கள். தலைமாட்டில் மகள். சுற்றிலும் என் பஸ் ஆட்கள் எல்லோரும்.

வாசலை ஒட்டி இரண்டு மூன்று பெண்கள் தணிந்த குரலில் பேசிக்கொண்டிருந்தார்கள். வயதில் சிறியவள் ஒருத்தி, “அக்கா, பாதிப் பேராச்சும் போவோமா? பஸ்ஸு நின்னுரும்க்கா” என்றாள்.

“என்னாடி பேச்சு இது? உள்ள பெரியவரு கிடக்காரு, நீ சிப்பு பாக்கப் போறியா?” என்றாள் இன்னொருத்தி.

அக்கா இருவரையும் பார்த்தார். “யாரும் போவ வேணாம்” என்றார். “இது நம்ம வீடு. இங்க இருக்கறதுதான் முறை.” பிறகு என்னைப் பார்த்தார். “மணி என்னாண்ணே?”

“அஞ்சு பத்து.”

“பஸ்ஸு அஞ்சே காலுக்கு நகரட்டும். நான் மட்டும் வர்றேன். சொல்லிட்டு வந்துர்றேன்.”

உள்ளே போய் நாலாம் நம்பர் பக்கத்தில் குனிந்து ஏதோ சொன்னார். அவள் அழுது வீங்கிய முகத்தைத் தூக்கினாள். அந்த நிலையிலும் அவள் குரல் வாசல்வரை கேட்டது.

“போயிட்டு வா கங்காணி. நீ வராம எடுக்க மாட்டோம்.”

ஐந்தே காலுக்கு பஸ் நகர்ந்தது. நாற்பது இருக்கையில் ஒரே ஆள். பெரிய சாலையில் கம்பத்து மலாய்ப் பெண்கள் பத்துப் பேர் வழக்கம்போல ஏறினார்கள். காலியான இருக்கைகளைப் பார்த்தார்கள், அக்காவின் முகத்தைப் பார்த்தார்கள். ஓர் அம்மா மட்டும் அருகில் போய்க் கேட்டுவிட்டு, திரும்பி மற்றவர்களிடம் சொன்னார்.

ஆறு நாற்பதுக்கு வாசலில் நிறுத்தினேன். மலாய்ப் பெண்கள் உள்ளே போனார்கள். அக்கா இறங்கி, வாசல் கோட்டுக்கு வெளியே தார்ச்சாலையில் நின்றுகொண்டார்.

காவலாளி நேப்பாளத்துக்காரர். அதிகாரியைப் பார்க்க வேண்டுமானால் உள்ளே போங்கள் என்றார்.

“நான் சாவு வீட்டுலேருந்து வர்றேன். குளிக்கல. உள்ள வர மாட்டேன்” என்றார் அக்கா மலாயில். “அவர வரச் சொல்லுங்க.”

காவலாளிக்குப் புரிந்துவிட்டது. அவர் ஊரிலும் அப்படித்தான் போலிருக்கிறது. இரண்டடி பின்னால் நகர்ந்து போன் செய்தார்.

நான் இன்றைக்கும் நினைத்துப் பார்ப்பதுண்டு. பதினெட்டு வருஷத்தில் எத்தனையோ தடவை அந்த அலுவலகத்து வாசலில் எங்கள் ஆட்கள் போய் நின்றிருக்கிறார்கள். நாற்காலி இல்லாமல், கூப்பிடும்வரை. உள்ளே இருப்பவர் ஒருவர் எங்களைப் பார்க்க வெளியே நடந்து வந்தது அன்றுதான். அக்கா அதைத் தந்திரமாகச் செய்யவில்லை. செய்யக்கூடாததைச் செய்யாமல் நின்றார், அவ்வளவுதான். அந்தக் கொடிகளுக்குக் கீழே, கசங்கிய பழைய சேலையோடு, தலையை முடிந்துகொண்டு அவர் நின்றதை நான் பார்த்துக்கொண்டே இருந்தேன். அங்கே வந்து நின்ற மற்ற பஸ்களிலிருந்து இறங்கியவர்களும் நின்று பார்த்தார்கள்.

அதிகாரி வந்தார். கழுத்தில் அடையாள அட்டை, வாயில் பாதிப் பலகாரம். பஸ்ஸை எட்டிப் பார்த்தார். “மற்றவர்கள் எங்கே?”

அக்கா சொன்னார். சாவு. எடுக்கும்வரை யாரும் வர மாட்டார்கள். நாளைக்கு எல்லோரும் வருவார்கள். இன்றைய நாளுக்கு ஈடாக ஞாயிற்றுக்கிழமை வேலை செய்யவும் தயார்.

“இன்றைக்கு ஒரு வரிசை முழுக்க ஆள் இல்லையே. நான் மேலே என்ன சொல்வேன்?”

“ஆளு வரலன்னு சொல்லுங்க, என்சிக். அது உண்மை. அதுக்கு விடுப்பு வெட்டணும்னா வெட்டுங்க. ஆனா பஸ்ஸு லம்பாட்னு மட்டும் எழுதாதீங்க. பஸ்ஸு நேரத்துக்கு வந்துச்சு. அது வேற, இது வேற.”

அதிகாரி என் பக்கம் திரும்பினார். “எத்தனை மணிக்கு வந்தீர்கள்?”

நான் ஓட்டுநர் இருக்கையில் இருந்தேன். இறங்கினேன். அத்தனை பேர் பார்க்க என் வாயில் மலாய் வர மறுத்தது. வாசல் காவலாளி எழுதிவைத்த குறிப்பைக் கையால் காட்டினேன். பிறகு எப்படியோ சொல்லிவிட்டேன். ஆறு நாற்பது, என்சிக். தாமதமில்லை. ஒரு நாளும் தாமதமில்லை.

அந்தக் கடைசி வாக்கியத்தைச் சொல்லும்படி அவர் கேட்கவில்லை. நானாகச் சொன்னது.

அவர் அக்கா பக்கம் திரும்பினார். இறந்தவர் யார், எங்கே வேலை செய்தார் என்று அக்காவிடம் கேட்டார். பால்வெட்டு என்றார் அக்கா. அதிகாரி தலையாட்டினார். “எங்கள் கம்பத்திலும் ஒரு சாவு என்றால் அன்று வயலில் யாரும் இறங்கமாட்டார்கள்” என்றார். பிறகு, அக்காவைப் பார்க்காமல், “பஸ் நேரத்துக்கு வந்தது என்று எழுதுகிறேன். ஞாயிற்றுக்கிழமை எல்லோரும் வர வேண்டும்” என்று சொல்லிவிட்டு உள்ளே நடந்தார்.

திரும்பும் வழியில் அக்கா என் இருக்கைக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தார். நான் ஏதாவது சொல்ல வேண்டும்போல இருந்தது. ரொம்ப தூரம் யோசித்து, “நல்லாப் பேசினீங்கக்கா” என்றேன்.

கண்ணாடியில் பார்த்தேன். அழுதுகொண்டிருந்தார், சத்தமில்லாமல், ஜன்னலைப் பார்த்தபடி. நான் கண்ணாடியைக் கொஞ்சம் மேலே திருப்பிவிட்டேன்.

நாங்கள் போய்ச் சேர்ந்தபோது எட்டு மணிகூட ஆகவில்லை. நாலாம் நம்பர் வாசலுக்கே வந்துவிட்டாள். அக்கா, “லம்பாட் இல்லன்னு எழுதிட்டாரு” என்றார். அவள், “அது கெடக்கட்டும். நீ காலையிலேருந்து ஒரு வாய் தண்ணி குடிச்சியா?” என்று கேட்டு, அக்காவின் தோளில் முகத்தை வைத்துப் பெரிய குரலில் அழுதாள். அதுவரை அவள் அப்படி அழவில்லை என்று பக்கத்தில் இருந்தவர்கள் சொன்னார்கள். கோலா கெத்திலிலிருந்து உறவினர்கள் வந்துசேர்ந்து, பெரியவரை இரண்டு மணிக்கு எடுத்தோம். பாடையின் பின்பக்கம் ஒரு தோள் நான் கொடுத்தேன்.

மறுநாள் காலை களத்தில் பதினெட்டு பேர் நின்றார்கள். நாலாம் நம்பர் ஐந்தாம் நாள் காரியம் முடியும்வரை வர மாட்டாள். யார் கூப்பிடுவது என்று யாருக்கும் தெரியவில்லை. கடைசியில் கைப்பேசியில் அவள் குரலே வந்தது. வீட்டில் இருந்தபடி ஒன்றிலிருந்து கூப்பிட்டு அனுப்பியிருந்தாள். ஒவ்வொருத்தியும் அந்தக் கைப்பேசிக்குக் குரல் கொடுத்தாள்.

கெடு முடிகிற நாள் காலையில் களத்துக்கு ஒரு கார் வந்தது. அதிகாரி இறங்கி, காரைத் திருப்பி அனுப்பிவிட்டார். சாலையைத் தானே பார்க்க வேண்டும், திரும்பி பஸ்ஸில் வருகிறேன் என்றார். எல்லோரும் அவரையே பார்த்துக்கொண்டிருந்ததில் நேரம் போய்க்கொண்டிருந்தது. அன்றுதான் வேலைக்குத் திரும்பியிருந்த நாலாம் நம்பர் விடவில்லை, வழக்கம்போலக் கூப்பிட்டு முடித்தாள். முடித்ததும் அவர் பக்கம் திரும்பி, அதே குரலில், “என்சிக்!” என்றாள்.

“அடா” என்றார் அவர், பள்ளிப் பிள்ளை மாதிரி நிமிர்ந்து. மலாயில் இருக்கிறேன் என்று அர்த்தம். அந்தச் சிரிப்புச் சத்தத்தில் லயத்து நாய்கள் எல்லாம் குரைத்தன.

பஸ்ஸில் அவர் எனக்குப் பின்னால் உட்கார்ந்தார். நாங்கள் நிரப்பிய குழிகளைத் தாண்டி, நிரப்பாத ஒரு குழியில் பஸ் இறங்கி ஏறியபோது அவர் தலை கம்பியில் இடித்தது. தேய்த்துக்கொண்டே, பஸ் உள்ளே வருவது தொடரும், அடுத்த வருஷம் மறுபடி பார்ப்போம் என்றார். அவர் முடிவைச் சொன்ன இடம் அதுதான், அந்தக் குழிக்கு அடுத்த வளைவு.

யாராவது கைதட்டுவார்கள் என்று நினைத்தேன். அக்கா எழுந்து முன்னால் வந்து, கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

“தெரிமா காசே, என்சிக்” என்று நன்றி சொல்லிவிட்டு, வெளியே இருட்டைக் காட்டினார். “இந்த நாலு கிலோமீட்டருக்கும் லைட்டு யாரு போடணும்?”

“அது நான் இல்லை, அக்கா” என்றார் அவர். அவரும் அக்கா என்றே சொன்னார்.

“நீங்க இல்ல, தெரியும். யாருன்னு சொல்லுங்க.”

அவர் யோசித்தார். ஏதோ ஓர் அலுவலகத்தின் பெயரைச் சொன்னார், எந்த மாடி என்பதையும் சொன்னார். அக்கா கைப்பேசியை எடுத்து, பஸ் குலுங்கக் குலுங்க எழுத்துக்கூட்டி எழுதிக்கொண்டார். பின்னாலிருந்து நாலாம் நம்பர், “எப்பக்கா போறோம்?” என்று கேட்டாள். அடுத்த செவ்வாய்க்கிழமை என்றார் அக்கா. நான் கியரை மாற்றிப் பெரிய சாலையில் ஏறினேன்.